குப்பைக் கடிதமும் சங்கக் கடிதமும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பகக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டம் ஆரம்பமாவதற்குக் கால் மணி நேரம் முன்பு, நூற்பாலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் தன்னுடைய போனை என்னிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். பார்த்தேன். இமெயில் பெட்டியில் முதலாவதாக ஒரு கடிதம். வளைகுடா நாட்டில் வேலையாம். மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் சம்பளமாம். விசா செலவுக்கு மட்டும் 4,500 ரூபாய் இன்று மாலைக்குள் அனுப்பவேண்டுமாம். பச்சை மோசடி. ஆனால் அது பெட்டியின் நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

பிறகு அவர் இன்னொரு பெட்டியைத் திறந்தார். அதற்கு 'ஸ்பாம்' என்று பெயர். அதாவது குப்பைக் கூடை. அதிலே கிடந்தது என்ன தெரியுமா? போனஸ் பேச்சுவார்த்தையைப் பற்றி அவருடைய சங்கம் தன் அங்கத்தினர்கள் அறுநூறு பேருக்கும் அனுப்பிய கடிதம். பதினொரு நாட்களாகக் கூடையில் கிடந்திருக்கிறது. பொதுக்குழு கூடிக் கலைந்தும்விட்டது. "எனக்குச் சொல்லவேயில்லையே என்று செயலாளரோடு சண்டை போட்டுவிட்டேன், தோழர்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

திருடனுடைய கடிதம் வீட்டுக்குள்ளே; சங்கத்தினுடைய கடிதம் குப்பையிலே. இது எப்படி நேர்ந்தது? குப்பைக் கடிதத்தை ஒழிக்க இதுவரை என்னென்ன உபாயம் செய்திருக்கிறார்கள்? ஒவ்வொன்றிலும் நமக்கு நன்மை என்ன, தீமை என்ன? இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு இமெயில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். போன் வாங்கினால் அதற்கு ஒரு இமெயில் விலாசம் வேண்டியிருக்கிறது. மகன் வேலைக்கு மனுப் போட்டால் பதில் அதில்தான் வருகிறது. மகள் காலேஜில் சேர்ந்தால் தகவல் அதில்தான் வருகிறது. ஆகவே இது நம்முடைய பிரச்னையும்தான்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். தபாலில் கடிதம் போட்டால் ஸ்டாம்பு வாங்குவது யார்? அனுப்புகிறவர். நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுக்க வேண்டுமென்றால் காகிதம், அச்சுக்கூலி, கொடுக்கிற பையனுக்குக் கூலி எல்லாம் நோட்டீஸ்காரன் தலையில்தான் விழும். எனவே அவன் யோசித்துத்தான் அடிப்பான். இமெயிலின் கதை வேறு. ஒருவருக்கு அனுப்பினாலும் ஒரு கோடிப் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவனுக்கு ஏறக்குறைய ஒரே செலவு. மிச்சச் செலவு கடிதத்தைச் சுமக்கிற கம்பிக்காரன் மேலும், அதைச் சேமித்து வைக்கிற யந்திரத்துக்குச் சொந்தக்காரன் மேலும், நம்முடைய நேரத்தின் மேலும் விழுகிறது. ஆதாயம் ஒருவனுக்கு, செலவு ஊருக்கு!

இது நேற்று முளைத்ததல்ல. 1978 மே 3-ம் தேதி, அமெரிக்காவில் ராணுவ இலாகாவின் பணத்தில் நடந்துவந்த அர்ப்பாநெட் என்ற கம்ப்யூட்டர் வலையில், டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி தர்க், சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். எங்கள் புது யந்திரத்தைப் பார்க்க வாருங்கள் என்று அழைப்பு. கண்டனம் குவிந்தது. 1994-ல் அரிசோனாவிலுள்ள ஒரு வக்கீல் தம்பதி, அமெரிக்கக் குடியேற்ற அனுமதி வாங்கித் தருவதாக ஒரே விளம்பரத்தை ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் போட்டார்கள். அதற்குப் பின் வியாபாரிகள் கூச்சத்தை விட்டுவிட்டார்கள். 'ஸ்பாம்' என்ற பெயர் டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு பன்றி இறைச்சியின் பெயர். 1970-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் டெலிவிஷன் ஹாஸ்யத்தில், ஓட்டலில் எந்தப் பலகாரம் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அந்த ஹாஸ்யத்திலிருந்துதான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வியாபாரத்தில் அப்படி என்ன கிடைக்கிறது? 2008-ல் கலிபோர்னியாவில் சில ஆராய்ச்சிக்காரர்கள் இதை உள்ளேயே புகுந்து பார்த்தார்கள். குப்பைக் கடிதக்காரர்கள் தங்கள் யந்திரத்திலிருந்து அனுப்புவதில்லை. ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் வைரஸைப் புகுத்தி, அவற்றைக் கொண்டு அனுப்புகிறார்கள். திருட்டு மாட்டில் ஏர் பூட்டுவதுபோல! அப்படிப்பட்ட ஒரு திருட்டு வலையின் ஒரு சிறு பகுதியை ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். 26 நாட்களில் அதன் வழியாகச் சுமார் 35 கோடி மருந்து விளம்பரக் கடிதங்கள் கிளம்பின. மெயில் கம்பெனிகளின் வாசலைத் தாண்டியவை 8 கோடிக்குச் சற்று மேல். அதில் சொன்ன கடையை எட்டிப் பார்த்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம். மருந்து வாங்கப் பணம் கட்ட முன்வந்தவர்கள் எத்தனை பேர்? 28 பேர்! மொத்தம் சுமார் 2,732 டாலர்.

ஒன்றேகால் கோடிக் கடிதத்துக்கு ஒரு ஆள். இதிலும் அவனுக்குக் கட்டுபடியாகிறது. ஏன்? அவன் செலவு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வைத்தியத்தையும் இந்தக் கணக்கின் மேல் வைத்துத்தான் எடை போடவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு கடிதத்தை நீங்கள் தடுத்தால் அவன் பத்து மடங்கு அனுப்புவான். அவ்வளவுதான்.

சல்லடை வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். நம் தோழருடைய கடிதத்தைக் குப்பையில் போட்டது அதுதான். ஆரம்பத்தில் சில வார்த்தைகளைப் பட்டியல் போட்டு, அந்த வார்த்தை இருந்தால் தள்ளு என்று யந்திரத்துக்குச் சொன்னார்கள். திருடன் எழுத்துக்கு நடுவே எண்ணைச் செருகி எழுதினான். இல்லாவிட்டால் எழுத்தையே படமாக்கி அனுப்பினான். பட்டியல் தோற்றது. பிறகு வேறொரு வழி வந்தது. 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் கணிதத்தை இதற்குப் பிரயோகித்தார்கள். 1998-லேயே ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் இதைச் சொல்லியிருந்தாலும், 2002-ல் பால் கிரஹாம் என்ற அமெரிக்கப் புரோகிராமர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் எங்கும் பரவியது.

விஷயம் சிக்கலானதல்ல. உங்கள் பெட்டியிலுள்ள நல்ல கடிதங்களை ஒரு குவியலாகவும் கெட்ட கடிதங்களை ஒரு குவியலாகவும் வையுங்கள். 'ஷிப்ட்', 'வாயில் கூட்டம்', 'பெரியம்மா' என்ற வார்த்தைகள் நல்ல குவியலில்தான் அடிக்கடி வரும். 'பரிசு', 'லாட்டரி', 'இன்றே கடைசி' என்பவை கெட்ட குவியலில்தான் அதிகம். யந்திரம் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மதிப்புப் போட்டு, புதிதாக வரும் கடிதத்தை எடை போடுகிறது. உங்களுடைய கடிதங்களிலிருந்தே அது படித்துக்கொள்வதால், உங்களுக்கு எது வேண்டும் என்பது அதற்குத் தெரிகிறது. பேஷான யோசனைதான். நான் இதைக் குறை சொல்லமாட்டேன். இன்று சல்லடை இல்லையென்றால் யாரும் இமெயிலைத் திறக்கவே முடியாது.

ஆனால் முறத்தில் புடைக்கிற பெண்களைக் கேளுங்கள். பதரோடு சேர்ந்து கொஞ்சம் நெல்லும் பறக்கத்தான் செய்யும். பதர் முறத்தில் தங்கினால் கண்ணுக்குத் தெரியும். நெல் காற்றில் போனால் யாருக்குத் தெரியும்? சல்லடையிலும் அப்படி இரண்டு விதத் தவறு உண்டு. மோசடிக் கடிதம் உள்ளே வந்தால் நாம் பார்த்துத் திட்டுகிறோம். நல்ல கடிதம் வெளியே போனால் அது வந்ததே நமக்குத் தெரிவதில்லை. 'சந்தா பாக்கி, உடனே கட்டவும், இன்றே கடைசித் தேதி' என்று சங்கம் எழுதினால் யந்திரம் என்ன நினைக்கும்? லாட்டரிக்காரன் பேசுவதும் ஏறக்குறைய அதே பாஷைதானே!

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அன்று சல்லடை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. இன்று அது பெரும்பாலும் சில பெரிய கம்பெனிகளின் கையில் இருக்கிறது. யார் யார் 'இது ஸ்பாம்' என்ற பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதையும் அது கணக்கில் சேர்க்கிறது. அழித்துத் தள்ளச் சோம்பல்பட்டு நம் அங்கத்தினர்கள் இருபது பேர் அந்தப் பொத்தானை அழுத்தினால், சங்கத்தின் கடிதம் யாருக்கும் வேண்டாத கடிதம் என்று பெயர் வாங்கிவிடும். ஏன் தள்ளினாய் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சாதாரணத் தபாலாபீசில் ஒரு போஸ்ட்மாஸ்டராவது இருப்பார், போய்ச் சத்தம் போடலாம்.

இரண்டாவது வைத்தியம் கறுப்புப் பட்டியல். குப்பை அனுப்புகிற யந்திரங்களின் எண்ணை எழுதிவைத்து, அங்கிருந்து எது வந்தாலும் வாசலிலேயே திருப்புவது. 1997-ல் கலிபோர்னியாவில் பால் விக்சி முதலியவர்கள் இப்படியொரு பட்டியல் நடத்தினார்கள். 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்போர்ட் துவக்கிய ஸ்பாம்ஹாஸ் பட்டியல்தான் பின்னால் பெரிதாக வளர்ந்தது. கடிதம் உள்ளே வருமுன்பே தடுப்பதால் செலவு மிச்சம். குப்பைக்கு இடம் கொடுக்கிற கம்பெனிக்கும் பயம் இருக்கும். கெடுதல் என்ன? ஒரு வீட்டில் திருடன் இருந்தால் தெருவையே அடைப்பது இது. அதே யந்திரத்தை வாடகைக்குப் பிடித்திருக்கிற பள்ளிக்கூடத்தின் கடிதமும் நின்றுபோகும். பட்டியலில் போட அதிகாரம் கொடுத்தது யார் என்ற கேள்வியும் எழுகிறது.

இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிற்று. அமெரிக்காவில் ஈ360 என்ற விளம்பரக் கம்பெனி ஸ்பாம்ஹாஸ் மேல் வழக்குப் போட்டது. ஸ்பாம்ஹாஸ் தொடர்ந்து எதிர்வாதம் செய்யாததால், 2006-ல் 1 கோடியே 17 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பாயிற்று. அப்பீலுக்குப் போய், கணக்கைக் கிளறிக் கிளறிப் பார்த்து, 2011-ல் அந்தத் தொகை எவ்வளவுக்கு வந்து நின்றது தெரியுமா? மூன்று டாலர்! ஒரு சாயாக் கடைக் கணக்கு.

மூன்றாவது யோசனைதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. இமெயிலுக்கும் ஸ்டாம்பு ஒட்டவேண்டும் என்கிற யோசனை. முதலில் இதைச் சொன்னவர்கள் காசு கேட்கவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புகிறவனுடைய யந்திரம் ஒரு கடினமான கணக்கைப் போட்டுக் காட்டட்டும் என்று 1992-ல் சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1997-ல் ஆடம் பாக் இதே மாதிரி 'ஹாஷ்காஷ்' என்பதைச் செய்தார். ஒரு கடிதம் எழுதுகிறவனுக்குச் சில விநாடி. கோடிக் கடிதம் எழுதுகிறவனுக்கு வருஷக் கணக்காகும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004-ல் பென் லாரி, ரிச்சர்ட் கிளேட்டன் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்து, திருடனைத் தடுக்குமளவுக்குக் கணக்கைக் கடினமாக்கினால் நியாயமாக அனுப்புகிறவர்களும் சிக்கிக்கொள்வார்கள் என்று காட்டினார்கள். திருடன்தான் திருட்டு மாட்டில் ஏர் ஓட்டுகிறவனாயிற்றே! மாடு களைத்தால் அவனுக்கென்ன?

2006-ல் இது காசுக்கே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பெனி, குட்மெயில் என்ற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து, காசு கட்டுகிற பெரிய அனுப்புநர்களின் கடிதத்தைச் சல்லடையில் சலிக்காமல் நேரே உள்ளே விடுவதாக அறிவித்தது. ஒரு கடிதத்துக்கு கால் சென்ட் முதல் ஒரு சென்ட் வரை கட்டணம். சொற்பம் என்று தோன்றுகிறதா? ஒரு லட்சம் அங்கத்தினர்களுக்கு மாதம் நாலு தடவை எழுதுகிற ஸ்தாபனத்துக்கு மாதம் 1,000 டாலரிலிருந்து 4,000 டாலர் ஆகும். காசுள்ளவனுக்கு ராஜபாட்டை, இல்லாதவனுக்குச் சல்லடை! தர்ம ஸ்தாபனங்களும் அரசியல் குழுக்களும் சேர்ந்து எதிர்ப்புக் கிளப்பின. லாபநோக்கமில்லாத ஸ்தாபனங்களுக்குச் சலுகை உண்டு என்று ஏ.ஓ.எல். இறங்கி வந்தது. குட்மெயில் 2011-ல் கடையை மூடிவிட்டது. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை.

"அவன் நம்மை அடித்தால் நாமும் திருப்பி அடிப்போம்" என்று கிளம்பியவர்களும் உண்டு. 2004 கடைசியில் லைகோஸ் ஐரோப்பா என்ற கம்பெனி, குப்பைக்காரர்களின் கடைகளைத் திணறடிக்க ஜனங்களின் கம்ப்யூட்டர்களைத் திரட்டியது. சில நாட்களிலேயே கைவிட்டது. 2006-ல் புளூ செக்யூரிட்டி என்ற இஸ்ரேல் கம்பெனி, ஒவ்வொரு குப்பைக் கடிதத்துக்கும் ஒரு புகார் என்று திருப்பி அனுப்பியது. குப்பைக்காரர்கள் சீறியெழுந்து தாக்கினார்கள். சம்பந்தமில்லாத மற்றக் கம்பெனிகளின் யந்திரங்களும் சேர்ந்து படுத்தன. அதே மே மாதத்தில் அந்தக் கம்பெனி இந்த வேலைக்கே முழுக்குப் போட்டுவிட்டது.

வேரையே வெட்டியவர்களும் இருக்கிறார்கள். 2008 நவம்பர் 11-ம் தேதி, கலிபோர்னியா சான் ஹோசேயிலிருந்த மக்கோலோ என்ற கம்பெனிக்கு இணைப்புக் கொடுத்துவந்தவர்கள் கம்பியை அறுத்தார்கள். திருட்டு வலைகளை ஆட்டிவைத்த யந்திரங்கள் அங்கேதான் இருந்தன. உலகத்துக் குப்பைக் கடிதத்தில் பாதிக்கு மேல் அன்றே நின்றது! சில மாதங்களில் வேறு இடத்தில் முளைத்துவிட்டது என்பதும் உண்மைதான். கோரைப்புல்லைப் பிடுங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இங்கே நாம் கொஞ்சம் நின்று நிதானித்துப் பார்க்கவேண்டும், தோழர்களே.

சட்டத்தில் இரண்டு மாதிரி உண்டு. முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் விளம்பரம் அனுப்பாதே என்பது ஒன்று. ஐரோப்பிய யூனியன் 2002-ல் போட்ட உத்தரவு இந்த மாதிரி. 2014-ல் அமுலுக்கு வந்த கனடா சட்டமும் இதே மாதிரி. அனுப்பு, ஆனால் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்து என்பது இன்னொன்று. 2003 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் இந்த மாதிரி. கலிபோர்னியா மாகாணம் முன்சம்மதம் வேண்டும் என்று கடுமையான சட்டம் செய்து, அது 2004 ஜனவரி 1-ம் தேதி அமுலுக்கு வர இருந்தது. மத்தியச் சட்டம் முந்திக்கொண்டு அதைச் செல்லாததாக்கிவிட்டது. கடிதம் பெற்றுத் தொல்லைப்பட்ட சாதாரண மனிதன் அந்த மத்தியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடவும் முடியாது. 'கான்-ஸ்பாம்' என்பது அந்தச் சட்டத்தின் பெயர். இங்கிலீஷில் அதையே 'ஸ்பாம் அனுப்பலாம்' என்றும் படிக்கலாம்! நான் கட்டிவிட்டதல்ல, அந்த ஊர்க்காரர்களே செய்த கேலி.

சட்டம் வருவதற்கு முன்பே கோர்ட்டுகளில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். என் யந்திரம் என் சொத்து. அதில் அத்துமீறி நுழையாதே என்கிற பழைய சொத்துச் சட்டம். 1997-ல் ஓஹையோவில் கம்ப்யுசர்வ் என்ற கம்பெனி, சைபர் ப்ரொமோஷன்ஸ் என்ற பெரிய குப்பைக் கம்பெனியை இந்த வாதத்தினால் தடுத்து நிறுத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் தட்டியிருப்பேன்.

அடுத்த வருஷமே அந்தக் கத்தி யார் கழுத்துக்குத் திரும்பியது என்று பாருங்கள். இன்டெல் என்ற பெரிய கம்ப்யூட்டர்க் கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்ட இன்ஜினீயர் கென் ஹமிதி. அவரும் மற்றும் சிலரும் சேர்ந்து, இன்டெல்லின் பழைய, இன்றைய ஊழியர்களுக்காக ஒரு அமைப்பு வைத்தார்கள். கம்பெனி ஊழியர்களை எப்படி நடத்துகிறது, இங்கேயே இருந்தால் உங்கள் கதி என்னவாகும் என்று உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அவர் இமெயில் எழுதினார். 21 மாதங்களில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் 35,000 விலாசங்கள் வரை. வேண்டாமென்று எழுதினால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். எதையும் விற்கவில்லை. எந்த யந்திரத்தையும் உடைக்கவில்லை.

இன்டெல் 1998-ல் கோர்ட்டுக்குப் போயிற்று. என்ன வாதம்? அதே வாதம்: என் யந்திரம் என் சொத்து, இவன் அத்துமீறுகிறான்! கீழ்க்கோர்ட் தடையுத்தரவு போட்டது. அப்பீல் கோர்ட்டும் 2001-ல் ஆமாம் என்றது. 2003 ஜூன் 30-ம் தேதி கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்தான் தடையைத் தள்ளியது. யந்திரத்துக்குச் சேதமில்லை, அதன் வேலை கெடவில்லை. கடிதத்தில் எழுதியிருந்த விஷயம் கம்பெனிக்குக் கசந்தது என்பதற்காகச் சொத்துச் சட்டத்தைத் தூக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எத்தனை நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள்? ஏழு பேரில் நான்கு பேர். ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், மில் வாசலில் நோட்டீஸ் கொடுப்பவனும் லாட்டரிக்காரனும் ஒன்றாகியிருப்பார்கள்.

நம் பக்கத்துத் தப்பையும் மறைக்கக்கூடாது. அதே அமெரிக்காவில், தொழிலாளி ஒருவரை வேலைநீக்கம் செய்ததையொட்டிய தகராறில், லேபரர்ஸ் யூனியன் என்ற தொழிற்சங்கம், பல்ட் ஹோம்ஸ் என்ற வீடு கட்டும் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் இமெயிலும் டெலிபோனும் குவித்து அதன் பெட்டிகளை நிரப்பி அடைத்தது. யந்திரம் வேலை செய்யாதபடி வேண்டுமென்றே செய்தது என்று கம்பெனி போட்ட வழக்கு நடக்கலாம் என்று 2011-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. ஹமிதி ஜெயித்தது ஏன், இந்தச் சங்கம் மாட்டிக்கொண்டது ஏன் என்பதைச் சங்கச் செயலாளர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி 66-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொந்தரவு கொடுக்கவோ, எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றவோ இமெயில் அனுப்பினால் மூன்று வருஷம் வரை ஜெயில். குப்பைக் கடிதத்துக்கு ஏற்ற சட்டம் என்று அப்போது பலர் நினைத்தார்கள். 'தொந்தரவு' என்றால் என்ன? யாருக்குத் தொந்தரவு? 2012-ல் வங்காளத்தில் யாதவ்பூர் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஒருவர், முதலமைச்சரைக் கேலி செய்யும் ஒரு சித்திரத்தை இமெயிலில் அனுப்பியதற்காகக் கைதானார். அவர் மேல் போட்ட பிரிவுகளில் 66-ஏயும் ஒன்று. லாட்டரிக் கடிதக்காரன் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான்! 2015 மார்ச் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

அமெரிக்காவில் விர்ஜீனியா மாகாணச் சட்டத்துக்கும் இதே கதிதான். குப்பைக் கடிதம் அனுப்பியதற்காக ஜெரமி ஜேன்ஸ் என்பவனுக்கு ஒன்பது வருஷ சிட்சை விதித்தார்கள். 2008-ல் அந்த மாகாண சுப்ரீம் கோர்ட் சட்டத்தையே அடித்தது. பெயர் போடாமல் அனுப்பும் அரசியல் கடிதத்தையும் மதக் கடிதத்தையும் அந்தச் சட்டம் சேர்த்துத் தடுக்கிறது என்பது காரணம். சட்டத்தை வகையறியாமல் அகலமாக விரித்ததால் உண்மையான குற்றவாளி தப்பினான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. சட்டம் வேண்டும். முன்சம்மதம் கேட்கும் சட்டமாக இருக்கவேண்டும். ஆனால் விற்கிறவனையும் ஏமாற்றுகிறவனையும் மட்டுமே அது பிடிக்கவேண்டும். எஸ்.எம்.எஸ். விளம்பரத்துக்கும் வியாபார அழைப்புக்கும் நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் இப்படிச் சில விதிகள் போட்டிருக்கிறது. இமெயில் அதில் அடங்காது.

கையெழுத்து வைத்தியம் என்று ஒன்று இப்போது நடைமுறையில் இருக்கிறது. எஸ்.பி.எப்., டி.கிம், டிமார்க் என்று மூன்று முத்திரைகள். கடிதம் சொல்லுகிற இடத்திலிருந்துதான் வருகிறதா என்பதை இவை காட்டும். பாங்கின் சொந்த விலாசத்தைத் திருடி எழுதுவது இதனால் கஷ்டமாயிற்று, நல்ல காரியம்தான். ஆனால் திருடனும் பாங்கின் பெயரைப்போல ஒரு பெயரைப் பதிவு செய்து, ஒழுங்காக முத்திரை குத்தி அனுப்பலாம்; அனுப்புகிறான். 2024 பிப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும், மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இந்த முத்திரைகள் கட்டாயம் என்று சொல்லிவிட்டன. கூகிள் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 கடிதம் அனுப்பினால் மொத்தமாக அனுப்புகிறவர். ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வசதி வைக்கவேண்டும். ஸ்பாம் புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக்கூடாது. விதி நியாயமானதுதான். ஆனால் விதியைப் போட்டது பார்லிமெண்டல்ல, இரண்டு கம்பெனிகள் என்பதை மறக்க முடியவில்லை.

இனி, அந்த 28 பேர் கணக்குக்குத் திரும்பி வாருங்கள். கோடிக்கணக்கில் கடிதம் அனுப்பலாம். கடைசியில் பணம் ஏதாவது ஒரு பாங்கு வழியாகத்தானே வரவேண்டும்? 2011-ல் கலிபோர்னியா ஆராய்ச்சிக்காரர்கள் குப்பைக் கடிதத்தில் வந்த சாமான்களைத் தாங்களே வாங்கி, பணம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். யந்திரங்கள் ஆயிரம் இடத்தில் இருந்தன. கடைகளின் பெயர் நாளுக்கொன்றாக மாறியது. ஆனால் இந்த வியாபாரத்தின் வசூலில் நூற்றுக்கு 95 பங்கு ஒரு சில பாங்குகளின் வழியாகத்தான் போயிற்று! அந்தக் கணக்குகளைப் பற்றிக் கார்டு கம்பெனிகளிடம் புகார் செய்தபோது கணக்குகள் மூடப்பட்டன. குப்பைக்காரனுக்கு உண்மையிலேயே வலித்தது. புது யந்திரம் அவனுக்கு ஒரு நாளில் கிடைத்துவிடும். புதுப் பாங்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. எல்லா வைத்தியத்திலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இதிலும் முள் இருக்கிறது. 2010 டிசம்பரில், கோர்ட் தீர்ப்பு எதுவுமில்லாமலே, விசாவும் மாஸ்டர்கார்டும் விக்கிலீக்ஸ் பத்திரிகைக்குப் போன நன்கொடைகளை நிறுத்திவிட்டன. பணத்தின் குழாயை மூடுகிற கை, சங்கத்தின் சந்தாவையும் மூடக்கூடிய கைதான். மூடுவதற்கு முன் காரணம் சொல்லவேண்டும், முறையிட இடம் வேண்டும் என்று கேட்காமல் இந்த வைத்தியத்தை நாம் சிபாரிசு செய்யக்கூடாது.

நம் ஊரில் அந்தப் பாங்கு எது தெரியுமா? உங்களுடைய கணக்குதான்! "உன் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாதம் கொடு, இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன்" என்று பேசுகிறார்கள். வேலையில்லாத பையன்களும் கடனில் இருக்கிற கூலிக்காரர்களும் கொடுத்துவிடுகிறார்கள். 4,500 ரூபாய் ஏமாந்தவனின் பணம் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது கணக்குக்காரன் வீட்டில்தான். தோழர்களே, ஒருவரும் கணக்கை வாடகைக்கு விடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழியுண்டு.

சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை. அறுநூறு பேருக்குச் சாதாரணக் கணக்கிலிருந்து ஒரே மூச்சில் அனுப்பினால் சல்லடைக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். சங்கத்தின் பெயரில் சொந்த விலாசம் ஒன்று பதிவு செய்து, அந்த மூன்று முத்திரைகளையும் விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். சந்தா ரசீதிலேயே 'இமெயில் அனுப்பச் சம்மதம்' என்று ஒரு வரி சேருங்கள். விலகுகிறேன் என்றவரை அன்றே விலக்குங்கள். முக்கியமான கடிதம் போனால் வாயிலில் கரும்பலகையிலும் எழுதிப் போடுங்கள். கரும்பலகைக்குச் சல்லடை கிடையாது.

மற்றவர்கள் வாரம் ஒரு முறை அந்த ஸ்பாம் கூடையைத் திறந்து பாருங்கள். சங்கக் கடிதம் அங்கே கிடந்தால் 'இது ஸ்பாம் அல்ல' என்ற பொத்தானை அழுத்துங்கள். சங்க விலாசத்தைப் போனில் பெயர் போட்டுச் சேமியுங்கள். கூட்டம் முடிந்ததும் இளந்தோழர்கள் இருவர் மேஜையருகே இருப்பார்கள். எப்படியென்று தெரியாதவர்கள் போனை எடுத்துக்கொண்டு வரிசையில் வாருங்கள். சற்று முன்னர் நான் சொன்ன நூற்பாலைத் தோழர்தான் வரிசையில் முதல் ஆள்.